அரைவாசி நோவு



தொலைபேசியில் என் தமக்கையார் கேட்ட ஒரு கேள்வியோடு இப்பேச்சைத் தொடங்குகிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் எங்கள் தாய்வீட்டில் இருக்கிறார். நான் இங்கிலாந்திலே நெடுங்காலம் கணித ஆசிரியனாயிருந்து இளைப்பாறியவன். 2016ஆம் ஆண்டு அந்நாட்டு வைத்தியசாலையொன்றில் என் முதுகினுள்ளே ஒரு மின்பொறியை வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் சென்றபின் அக்கா கேட்டார்: "தம்பி, உந்த மெசினை வைச்ச பிறகு நோ முழுக்கப் போயிட்டுதோ?"

"இல்லை அக்கா, அரைவாசி போயிட்டுது" என்றேன்.

சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்பு, "அரைவாசிக்கோ இவ்வளவு பாடு பட்டனீ?" என்றார்.

அக்கேள்வியில் ஏளனம் இல்லை. தம்பி பட்ட பாட்டுக்குக் கிடைத்த கூலி குறைந்துபோயிற்றே என்னும் ஆதங்கம்தான் இருந்தது. அன்று எனக்குத் தகுந்த விடை சொல்ல வரவில்லை. பின்னர் பல ஆண்டுகளாக அதனை மனத்திற் போட்டுப் புரட்டியிருக்கிறேன். இன்று உங்கள் முன்னிலையில் அதற்கு விடை கூற முயல்கிறேன்.

முதலில் நோவு வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடவேண்டும். 2011ஆம் ஆண்டில் என் இடுப்பு முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டொன்று பிதுங்கி, இடக்காலுக்குச் செல்லும் நரம்பை நெருக்கியது. சத்திரசிகிச்சை செய்தார்கள். பிதுங்கியதை அகற்றினார்கள். பின்பு எடுத்த படங்களிலே யாவும் செவ்வனே இருந்தன. ஆனால் கால் மட்டும் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. பிருட்டத்திலிருந்து பாதத்தின் வெளிப்புறம் வரைக்கும் ஓர் எரிவு. அதனூடே இடையிடையே மின்னலெனத் தெறிக்கும் ஒரு குத்து. கள்வன் வேலி தாண்டிப் போய் நெடுநேரமான பின்னும் விடியும்வரை குரைத்துக்கொண்டிருக்கும் நாயை நீங்கள் அறிவீர்கள். ஒருமுறை ஊறுபட்ட நரம்பும் சிலருக்கு அவ்வாறு ஆகிவிடுகின்றது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை வைத்தியர்கள் நாட்பட்ட நோவு என்று வகுப்பார்கள். என்னுடையது ஐந்து ஆண்டுகள் குரைத்தது.

இத்தகைய நோவு கண்ணுக்குத் தெரிவதில்லை. கால் முறிந்தவனுக்குக் கதிரையை நகர்த்திக் கொடுப்பார்கள். படத்திலே குறையொன்றும் இல்லாதவன் வகுப்பறையின் நடுவிலே பேச்சை நிறுத்திவிட்டு மேசையைப் பற்றிக்கொண்டு நின்றால், பார்ப்பவர் மனத்தில் வேறு எண்ணங்கள் எழும். உடன் ஆசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான், "சற்று நடந்து திரிந்தால் சரியாகிவிடும்" என்று சொல்வார். அவரை நான் குறைகூறவில்லை. நோவு வருமுன் நானும் பிறருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். நோவு பற்றிய ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட வரைவிலக்கணத்தை 2020ஆம் ஆண்டு திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகின்றதென்று கூறின் அக்கூற்று மதிக்கப்படவேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளிற் சேர்த்தது. இதை எழுதிவைக்க ஒரு சங்கம் வேண்டியிருந்தது என்பதை நினைக்க எனக்குச் சிறிது வருத்தமும் சிறிது ஆறுதலும் உண்டு.

நோவுச் சிகிச்சை நிலையத்துக்கு முதன்முதலாகச் சென்ற நாளில், என் கையில் சொற்கள் நிறைந்த ஒரு தாளைக் கொடுத்து, பொருந்துவனவற்றைக் குறிக்கச் சொன்னார்கள். அது கனடாவிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலறிஞர் றொனால்ட் மெல்சாக் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட வினாத்தாள். நோவைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அவர் அதில் வகுத்திருந்தார். எரிவுக்கு ஒரு சொல் இருந்தது. குத்துக்கும் தெறிப்புக்கும் இருந்தன. ஆயினும் மழைக்கால இரவிலே என் காலில் வருவது உளைவு. அதற்கு ஈடாக ஒரு சொல்லை அத்தாளில் நான் காணவில்லை. கடுப்பு ஒன்று, குடைச்சல் ஒன்று, விறைப்பு ஒன்று, உளைவு வேறொன்று என்று எங்கள் ஊர்க் கிழவிகள் பிரித்தறிவார்கள். வைத்தியரிடம் உளைவை விளக்க எனக்குக் கால்மணி நேரம் சென்றது. அவர் பொறுமையாகக் கேட்டு, தம் குறிப்பில் அச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். அன்றுதான் அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இதே மெல்சாக், பற்றிக் வோல் என்னும் உடற்றொழிலறிஞரோடு சேர்ந்து 1965ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வெளியிட்டார். என் முதுகிலுள்ள பொறிக்கு மூலம் அதுவே. நோவைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் மெல்லியவை, மெதுவாகச் செல்பவை. தொடுகையையும் தடவுதலையும் கொண்டுசெல்லும் இழைகள் பருத்தவை, விரைந்து செல்பவை. இரண்டும் முண்ணாணை வந்து சேருமிடத்தில் ஒரு வாயில் உண்டு என்றும், பருத்த இழைகளிலே போக்குவரத்து மிகுந்தால் அவ்வாயில் நோவின் செய்திக்குச் சாத்தப்படுகின்றது என்றும் அவர்கள் கூறினார்கள். நான் அதனை எனக்குள்ளே படலைக் கொள்கை என்று பெயரிட்டுக்கொண்டேன். ஒழுங்கையிலே எருமைகள் நெருக்கியடித்து வரும்போது படலையடியில் நிற்கும் கன்று உள்ளே நுழைய இயலாது திகைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கொள்கையின் நுட்பங்களிற் பல பின்னர் திருத்தப்பட்டன. எனினும் அதன் சாரத்தை எங்கள் தாய்மார் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். சிறுவயதில் நான் வாசற்படியில் முழங்காலை இடித்துக்கொண்டு அழும்போது, அம்மா நல்லெண்ணெயைச் சூடுகாட்டித் தடவிவிடுவார். எண்ணெயிலுள்ள மருந்தினாற் சுகம் வந்ததென்று நினைத்திருந்தேன். தடவிய கையே பருத்த இழைகளைத் தட்டியெழுப்பியிருக்கக்கூடும்.

மின்சாரத்தினால் நோவைத் தணிக்கலாம் என்பதும் பழைய செய்தி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியிலிருந்த வைத்தியர் ஸ்கிறிபோனியஸ் லார்கஸ், கால்வாத நோவுடையவரை ஈரமான கடற்கரையிலே, உடலில் மின்சாரம் பிறப்பிக்கும் திருக்கையொன்றின்மீது, முழங்கால்வரை மரத்துப்போகும்வரை நிற்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். திருக்கைக்கு அதில் என்ன சம்மதம் இருந்ததென்பதை அவர் எழுதவில்லை.

படலைக் கொள்கை வெளியாகி இரண்டே ஆண்டுகளில், 1967இல், ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே நோர்மன் ஷீலி என்னும் சத்திரவைத்தியர், தீராப் புற்றுநோயினால் வருந்திய ஒருவரின் முண்ணாணின் மேல் முதன்முதலாக ஒரு மின்வாயைப் பொருத்தினார். பொறியை ஆக்குவதில் உதவியவர் தோமஸ் மோட்டிமர் என்னும் இளம் பொறியியலாளர். நோவு தணிந்தது, ஆயின் அந்நோயாளி அதன்பின் நெடுநாள் வாழவில்லை. அக்காலப் பொறிகளுக்கு மின்சாரம் உடலுக்கு வெளியேயிருந்து வானொலி அலையாகச் செலுத்தப்பட்டது. வானொலியிற் பேசும்போது இதனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆங்கில வைத்தியர்கள் 'ஸ்பைனல் கோட் ஸ்டிமுலேற்றர்' என்று வழங்கும் இதனை நாம் முண்ணாண் தூண்டி என்று சொல்லலாம். இன்று அதனை வைப்பதற்கு முள்ளந்தண்டைத் திறக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் ஊசியொன்றின் வழியாகவே, முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியேயுள்ள இடுக்கிலே, நூலளவு மெல்லிய வடங்களை நுழைக்கிறார்கள். என்னுடையவை இரண்டு வடங்கள்; ஒவ்வொன்றின் நுனியிலும் எட்டு மின்வாய்கள். தோலுக்கடியில் அவ்வடங்கள் வந்து சேருமிடத்தில், தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. மின்கலமும் கணக்கிட்டு மின்துடிப்பை அனுப்பும் கருவியும் அதற்குள்ளேயே இருக்கின்றன. என் பொறி வினாடிக்கு ஐம்பது தடவையளவில் துடிப்பை அனுப்புகின்றது. 10,000 தடவை அனுப்பும் வகையும் இப்போது உண்டு. அதில் உடலுக்குக் கூச்சமே தெரியாது.

ஆனால் எடுத்தவுடன் இப்பொறியை உள்ளே வைத்துவிடமாட்டார்கள். ஒரு வாரம் பரீட்சை. வடங்கள் மட்டும் உள்ளே; அவற்றின் மறுமுனைகள் தோலைத் துளைத்து வெளியே வந்து இடுப்பிற் கட்டிய ஒரு சிறு பெட்டியோடு இணைந்திருக்கும். நோவு பாதியளவாவது குறைந்தாலன்றி நிரந்தரமாக வைப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். பூச்சியத்திலிருந்து பத்துவரை இலக்கமிட்டு, நாளுக்குப் பலமுறை என் நோவைக் குறித்துவரச் சொன்னார்கள். தாதி மிகக் கூர்மையான பெண்மணி. என் மனைவியிடம் தனியாக ஒரு கொப்பியைக் கொடுத்து, "அவர் சொல்வதை எழுதவேண்டாம், அவர் செய்வதை எழுதுங்கள்" என்றார்.

என் கொப்பியில் இலக்கங்கள். எட்டு, ஐந்து, ஐந்து, நான்கு. மனைவியின் கொப்பியில் இருந்தவை வேறு: "இன்று மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார்." "இரவு இரண்டு மணிக்கு எழும்பவில்லை." "சோறு பிந்தியதற்குச் சினக்கவில்லை." மூன்றாவது வரியை வைத்தியர் உரக்க வாசித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாண்டுகளாக நான் மட்டுமே நோவைச் சுமந்தேன் என்ற நினைப்பு அவ்விடத்தில் உடைந்தது.

பின்பு நிரந்தரமாக வைக்கும் நாள். இச்சத்திரசிகிச்சையின் ஒரு பகுதியில் நோயாளி விழித்திருக்கவேண்டும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். குப்புறக் கிடத்தி, ஊசி போட்ட இடத்தை மட்டும் மரக்கச்செய்து, வடத்தை மேலும் கீழுமாக நகர்த்தியபடி, "எங்கே தெரிகின்றது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலில் விலாவிலே தெரிந்தது. பின்பு வலத்தொடை. "அது நல்ல கால், அதை விடுங்கள்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். வடம் சற்றே திரும்பியது. இடுப்பு, தொடையின் பின்புறம், கெண்டைக்கால் என்று அக்கூச்சம் இறங்கி வந்து, ஐந்தாண்டுகளாக எரிந்துகொண்டிருந்த அந்தப் பாதத்தின் ஓரத்தைச் சென்று தொட்டது. ஓலைக்கூரையின்மேற் சிறுதூறல் விழுவதுபோல என்று சொல்லலாம். அல்லது நெடுநேரம் சப்பாணிகட்டியிருந்து எழும்பும்போது கால் முழுவதும் எறும்பூர்வதுபோல என்று சொல்லலாம். எரிவு அதன் கீழே இருந்தது. ஆனால் அதன்மேல் வேறொன்று பெய்துகொண்டிருந்தது.

இனி அதனோடு வாழ்வதைப்பற்றிச் சொல்கிறேன். முதல் ஆறு முதல் எட்டு வாரங்கள் குனியக்கூடாது, முறுகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கையைத் தலைக்குமேல் உயர்த்தக்கூடாது. வடங்களைச் சுற்றித் தழும்பு உண்டாகி அவை நிலைகொள்ளுமுன் அசைந்துவிடலாம் என்பதே காரணம். இங்கே ஒரு சங்கடம் நேர்ந்தது. என் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தால் நான் ஊருக்கு வந்து எங்கள் பிள்ளையார் கோயில் வீதியிலே பிரதட்டை செய்வேன் என்று அக்கா நேர்ந்து வைத்திருந்தார். உருளுவதையே தவிர்க்கவேண்டிய ஒருவனுக்காக உருளுவதாக நேர்த்தி! நான் தொலைபேசியில் விளக்கினேன். அவர் ஐயரிடம் போய் ஆலோசித்து, அதனை நூற்றெட்டுத் தேங்காயாக மாற்றிவிட்டார். பிள்ளையாருக்கு அதில் மனக்குறை இருந்திராதென்றே நம்புகிறேன்.

இவ்வளவு கவனமாயிருந்தும் நான்காவது மாதத்தில் அலுமாரியின் மேற்றட்டிலிருந்து பழைய கணக்குப் புத்தகமொன்றை எட்டி எடுத்தேன். மறுகணம் காலிலிருந்த தூறல் விலாவுக்குப் போய்விட்டது. எரிவு தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றிரவு நான் பட்ட கலக்கத்தைச் சொல்லி முடியாது. முன்பு நோவோடு வாழப் பழகியிருந்தேன். இப்போது அப்பழக்கமும் விட்டுப்போயிருந்தது. நல்லவேளையாக வடம் சிறிதே நகர்ந்திருந்தது. நிலையத்திலே, வெட்டாமல் கொத்தாமல், கணினி கொண்டு வேறு மின்வாய்களை இயக்கித் தூறலைக் காலுக்குத் திருப்பினார்கள். எல்லாருக்கும் இப்படி எளிதில் முடிவதில்லை. சிலருக்கு மறுபடி வெட்டவேண்டி வரும்.

உடலின் நிலைக்கேற்பப் பொறியின் வலிமை மாறுவது இன்னொரு விந்தை. மல்லாந்து படுத்தால் முண்ணாண் மின்வாய்களுக்குச் சற்று அருகே வருகின்றது, கூச்சம் மிகுகின்றது. எழுந்திருந்தால் விலகுகின்றது; கூச்சம் குறைகின்றது. தும்மினால் ஒரு கணம் கால் முழுவதும் துள்ளும். ஆகையால் கையடக்கமான ஒரு கருவியால் கூட்டியும் குறைத்தும் கொள்ளவேண்டும். வண்டி ஓட்டும்போது இவ்வகைப் பொறியை நிறுத்திவைக்கவேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட அறிவுரை. பல்வைத்தியரானாலும் வேறெந்தச் சத்திரவைத்தியரானாலும், இப்பொறி இருப்பதை முதலில் அறிவிக்கவேண்டும். உயர் அதிர்வலைகளால் உடலின் உட்பகுதியைச் சூடாக்கும் 'டயதேமி' என்னும் சிகிச்சை அறவே ஆகாது. மின்வாய்கள் கொதித்து முண்ணாணையே கெடுத்துவிடக்கூடும். காந்தப் படம் எடுப்பதற்கும் பொறியின் வகையைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் உண்டு.

விமான நிலையங்களிலே ஒரு அட்டையைக் காட்டுவேன். ஒருமுறை, எந்த நாட்டிலென்று சொல்லமாட்டேன், ஓர் இளம் உத்தியோகத்தர் அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதயத்திலா?" என்றார். "இல்லை, முதுகில்" என்றேன். "முதுகுக்கு எதற்கு மின்சாரம்?" என்றார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. மெல்சாக்கையும் வோலையும் அவருக்கு விளக்க அது தருணமன்று.

வாரத்துக்கொருமுறை மின்கலத்துக்கு மின்னேற்றவேண்டும். இடுப்பிலே ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பேன். தோலுக்கு மேலிருந்தே மின்சாரம் உள்ளே செல்லும். இடம் இளஞ்சூடாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலையை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன். நான் எங்கும் எழுந்து போக இயலாது என்பதை அறிந்துகொண்ட அக்கா, அந்நேரம் பார்த்தே தொலைபேசி எடுப்பார்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருகிறேன். எட்டிலிருந்து நான்கு ஆவதும், நான்கிலிருந்து பூச்சியம் ஆவதும் கணக்கிலே ஒன்றுதான். நாற்பதாண்டு கணக்குப் படிப்பித்தவன் சொல்கிறேன், உடம்பிலே அவை ஒன்றல்ல. நோவு எட்டாயிருந்த காலத்தில் நான் ஒரு பக்கம் வாசித்தால் அதன் முதல்வரி மறந்துபோகும். பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க இயலாது. கலியாண வீடுகளுக்குப் போனால் தாலிகட்டு முன்னரே எழுந்து வெளியே போய் நிற்பேன். நான்காயிருக்கும்போது நோவு அறையிலேதான் இருக்கின்றது. ஆனால் கதிரையை எனக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கின்றது. நாற்பது நிமிடம் நடக்கிறேன். இரவிலே நான்கு மணி நேரம் தொடர்ந்து உறங்குகிறேன். முன்பு நாளொன்றுக்கு எட்டு விழுங்கிய மாத்திரைகள் மூன்றாகிவிட்டன. கடைசியாகப் போன கலியாணத்திலே சாப்பாடு முடியும்வரை இருந்தேன்.

இதனைக் கேட்டு எவரும் அவசரப்பட்டு இப்பொறியை நாடவேண்டாம். இதன் பயனைப்பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்கு நடக்கின்றது. கனடாவின் றெஜைனா நகரில் நரம்புச் சத்திரவைத்தியராயிருந்த கிருஷ்ண குமாரும் பிறரும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின் கால் நோவு நீங்காத 100 பேர் பங்குபற்றினர். ஆறு மாதத்தின்பின் பொறி வைத்தவர்களில் 48 சதவீதத்தினருக்குக் கால்நோவு பாதியளவேனும் குறைந்தது; மருந்து முதலிய வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவரில் 9 சதவீதத்தினருக்கே அவ்வாறாயிற்று. அதே ஆராய்ச்சியில், ஓராண்டுக்குள் பொறியுடையவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு வடம் நகர்தல், கிருமி தொற்றல் போன்ற ஏதோவொரு தொல்லை நேர்ந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

நோர்வேயிலே 2022ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்று இன்னும் கடுமையானது. கூச்சம் தராத வகைத் தூண்டலை 50 பேரில், சில மாதங்கள் இயக்கியும் சில மாதங்கள் இயக்காமலும் பார்த்தார்கள். எப்போது இயங்கியதென்பது நோயாளிக்குத் தெரியாது. இரு காலத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கு கையாண்ட தூண்டல் முறை சரியானதன்று என்று வேறு வைத்தியர்கள் ஆட்சேபித்தனர். 2023இல் கொக்ரேன் என்னும் ஆய்வமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வோ, நாரி நோவுக்கு இப்பொறி நீடித்த பயன் தருமென்பதற்குப் போதிய சான்றில்லை என்று முடிவு கூறியது.

இவற்றை வாசித்தபின் எனக்குள் ஒரு புழு நெளிந்தது. என் அரைவாசி பொறி தந்ததா, காலம் தந்ததா, என் நம்பிக்கை தந்ததா? நிலையத்தாரோடு கலந்து பேசி, 2024ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு வாரம் பொறியை நிறுத்திவைத்தேன். முதல் நாள் நோவு பெரிதாக ஏறவில்லை. மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாயின; எட்டாண்டுகள் வீணாக ஓர் இரும்பைச் சுமந்தேனோ என்று. மூன்றாம் நாள் இரவு எரிவு வந்தது. ஐந்தாம் நாள் நான் குறித்த இலக்கம் ஏழு. ஆறாம் நாட் காலை மனைவி ஒன்றும் பேசாமல் கைக்கருவியைக் கொண்டுவந்து தேநீர்க் கோப்பைக்கு அருகில் வைத்துவிட்டுப் போனார். கொப்பி எழுதாமலே அவருக்கு விடை தெரிந்திருந்தது.

ஏழுதான், எட்டன்று. ஆகவே எட்டிலிருந்து ஏழுக்கு இறங்கியதைக் காலம் தந்ததாகக் கொள்கிறேன். மிகுதியில் எவ்வளவு பொறியினது, எவ்வளவு மனத்தினது என்று அறுதியிட எனக்கு இயலாது. என் பொறி கூச்சம் தரும் வகையாகையால், அது நிற்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நோர்வே நாட்டாரைப்போல நான் கண்கட்டப்பட்டவனல்லேன்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தாய் தந்தையருக்கு இதனை வைப்பிக்க விரும்பி என்னிடம் விசாரிப்பதுண்டு. நான் அவர்களிடம் முதலிற் கேட்பது, நோவு நரம்பினதா, மூட்டினதா என்று. தேய்ந்த மூட்டின் நோவுக்கு இது ஏற்றதன்று. அடுத்து, பரீட்சை வாரம் ஒன்று தருவார்களா என்று. மூன்றாவதாக, வடம் நகர்ந்தால், மின்கலம் ஓய்ந்தால், அவர்கள் வாழும் ஊரிலிருந்து எட்டக்கூடிய தூரத்தில் அதனைத் திருத்துவார் எவரேனும் உளரா என்று. மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் நினைத்தும் பார்த்திருப்பதில்லை. வைத்தவர் ஒரு கண்டத்திலும் சுமப்பவர் இன்னொரு கண்டத்திலும் இருந்தால், உள்ளே இருப்பது வெறும் உலோகத் துண்டு.

என் மின்கலம் இப்போது முதுமையடைந்துவிட்டது. வாரத்துக்கொருமுறை போதுமாயிருந்த மின்னேற்றம் நான்கு நாளுக்கொருமுறை வேண்டியிருக்கின்றது. பெட்டியை மாற்றவேண்டும், வடங்களைத் தொடமாட்டார்கள். நான் சம்மதித்துக் கையொப்பமிட்டுவிட்டேன். சென்ற வெள்ளிக்கிழமை பட்டியைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கையில் அக்காவுக்கு அதைச் சொன்னேன்.

"திரும்பவும் வெட்டவேணுமோ?" என்றார்.

"ஓம் அக்கா, சின்ன வெட்டுத்தான். நீங்கள் பழையபடி அரைவாசிக்கோ எண்டு கேக்கப்போறியள்."

"நான் ஏன் கேக்கிறன்? இப்ப எனக்கும் முழங்கால் மடக்க ஏலாது. அரைவாசி தாறமெண்டு ஆரும் வந்தால் வேண்டாமெண்டு சொல்லமாட்டன். அந்த மெசின் எனக்கு ஆகாதோ?"

"அது மூட்டு நோ, அக்கா. அதுக்கு இது சரிவராது."

"பின்னை என்ன, நான் நல்லெண்ணெயைப் பூசுறன். நீ உன்ரை மின்சாரத்தைப் பூசு" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.